எந்தக் கூட்டத்தில் போய் உட்காருவது?

குடியை நிறுத்துவதைவிட, நிறுத்திய பிறகு அப்படியே இருப்பதுதான் கடினம். அதற்குத் துணை நிற்கும் சுய உதவிக் குழுவைத் தேடுபவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி.

போதை மீட்பு மையத்தில் மூன்று, நான்கு வாரம் தங்கியவர் வீட்டுக்குக் கிளம்புகிறார். கை நடுக்கம் நின்றிருக்கிறது. பசிக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. பிள்ளைகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிகிறது. கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில், மாத்திரைகளின் பெயர்களுக்கெல்லாம் கீழே கடைசியாக ஒரு வரி: ‘ஏஏ கூட்டத்துக்குச் செல்லவும்.’ எந்தக் கூட்டம், எங்கே, எத்தனை மணிக்கு, போனால் யாரைப் பார்ப்பது என்ற விவரம் எதுவும் அதில் இல்லை.

அடுத்த வாரம் அவர் விசாரித்துக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போகிறார். கடைசி நாற்காலியில் உட்கார்கிறார். பேசுபவர்கள் யாரும் தன்னைப் போல இல்லை என்று தோன்றுகிறது. டீ குடிக்காமல்கூடக் கிளம்பிவிடுகிறார். ‘ஒரு தடவை போய்ப் பார்த்தேன், எனக்கு ஒத்து வரல’ என்று வீட்டில் சொல்கிறார். அத்தோடு அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. சிகிச்சைக்குப் பட்ட கடனும், மனைவி எடுத்த லீவும், அவர் பட்ட வேதனையும் சில வாரங்களில் வீணாகிவிடுகின்றன.

இந்த இழப்பைத் தவிர்க்க முடியும். ஒரு மருத்துவர் ஒத்துவரவில்லை என்றால் நாம் வைத்தியத்தையே கைவிடுவதில்லை. வேறு மருத்துவரைத் தேடிப் போகிறோம். கூட்டமும் அப்படித்தான். ஆனால், எதைப் பார்த்துத் தேடுவது என்று நம் ஊரில் யாரும் சொல்லித்தருவதில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்லும் கணக்கு இது: இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு, குடியால் வந்த பிரச்னைகளுக்கு உதவி தேவைப்படுகிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதோவொரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் போதாது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, காசில்லாமல் கிடைக்கும் உதவி என்றால் அது குடியை விட்டவர்களே கூடி நடத்தும் குழுதான்.

ஒரு தொலைபேசியில் தொடங்கியது

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற ஏஏ, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில் 1935-ல் பிறந்தது. நியூயார்க் பங்குச் சந்தையில் வேலை பார்த்த பில் வில்சன், குடியை விட்டு ஐந்து மாதம் ஆன நிலையில், ஒரு வியாபாரத்துக்காக அந்த ஊருக்குப் போனார். அது கைகூடவில்லை. தங்கியிருந்த மேஃபிளவர் ஹோட்டலின் கூடத்தில் தனியாக நின்றார். பக்கத்திலேயே மது அருந்தும் அறை. அங்கே போகாமல் அவர் தொலைபேசியை எடுத்தார். ஊரிலுள்ள தேவாலயங்களின் எண்களைப் பார்த்து அழைத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று கேட்டார்.

அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் அவருக்கு அறிமுகமானார். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர், இரவு பதினோரு மணி தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். பாப்புக்கு அறிவுரை சொல்லப் பலர் இருந்தார்கள். ஆனால், தன்னைப் போலவே குடித்தும் ஒளித்தும் அனுபவப்பட்ட ஒருவர் வந்து பேசியது அன்றுதான் முதல்முறை. நடுவில் ஒருமுறை வழுக்கி விழுந்த பாப், 1935 ஜூன் 10-க்குப் பிறகு 1950-ல் இறக்கும்வரை குடிக்கவில்லை. அந்த ஜூன் 10-தான் ஏஏ பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1957-ல் இந்தியாவுக்கு வந்த இந்த இயக்கம் இன்று சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது வேரூன்றியதற்கு, குடிநோய்ச் சிகிச்சை இங்கே தனித் துறையாக வளர்ந்ததும் ஒரு காரணம். குடிநோய்க்குத் தன் கணவரை இளம் வயதில் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே மருத்துவமனை என்று மக்கள் அறிந்த இடம் அதுதான். குடிப்பவரைக் குணம் கெட்டவராகப் பார்த்த காலத்தில், இது நோய், இதற்குச் சிகிச்சை உண்டு, குடும்பத்துக்கும் சிகிச்சை தேவை என்று அந்த மருத்துவமனை சொன்னது. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

பலன் உண்டா?

இது நியாயமான கேள்வி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து, 2020-ல் காக்ரன் அமைப்பு ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. ஏஏவோடு இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவிகிதம் பேர் ஓராண்டு கழித்தும் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். வேறு உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் இது 35 சதவிகிதம். எல்லோரையும் காப்பாற்றும் மந்திரம் இல்லை என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஆனால், பணம் வாங்காத, படித்த பட்டம் கேட்காத ஓர் உதவி, பயிற்சி பெற்ற நிபுணர்களின் சிகிச்சைக்கு இணையாகவும் ஒருபடி மேலாகவும் நிற்கிறது என்பது சாதாரணச் செய்தி இல்லை.

முதலில் மருத்துவர்

தினமும் குடிப்பவர் ஆவேசத்தில் ஒரே நாளில் நிறுத்திவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போவது ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியும். இல்லாத குரல்கள் கேட்கும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். அந்த நாள்களைப் பாதுகாப்பாகக் கடத்த மருந்துகளும், வைட்டமின் பி1 ஊசியும் உண்டு. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சிகிச்சை கிடைக்கும்.

தனியார் மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், சான்றிதழைப் பாருங்கள். அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடத்துக்கும், குடும்பத்தாரைப் பார்க்கவே விடாத இடத்துக்கும் யாரையும் அனுப்பாதீர்கள். ‘சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் போதும்’ என்று விற்கப்படும் பொடியையும் நம்பாதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து ஒன்று உண்டு. அதை எடுப்பவர், தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்து, அவர் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உள்ளே என்ன நடக்கும்?

முதல் கூட்டத்துக்குப் போகத் தடையாக இருப்பது பெரும்பாலும் பயம்தான். பெயர், முகவரி எழுதி வாங்குவார்களோ, எழுந்து பேசச் சொல்வார்களோ, தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

சேர்க்கைப் படிவம் கிடையாது, கட்டணமும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும் கூட்டத்தை ஓர் உறுப்பினரே தலைமையேற்று நடத்துவார். ஏஏ பற்றிய அறிமுகமும், குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளும் வாசிக்கப்படும். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். இதைத்தான் ‘ஷேரிங்’ என்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, தீர்ப்பு சொல்வதில்லை. உங்கள் முறை வரும்போது ‘இன்று கேட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடலாம். வாடகைக்கும் டீக்கும் ஒரு பை சுற்றி வரும். முடிந்ததைப் போடலாம், போடாமலும் விடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் மரபு.

இரண்டு வகைக் கூட்டங்கள் உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, அம்மா, நண்பர் என யாரும் வரலாம். மூடிய கூட்டம், குடிப் பிரச்னை தனக்கு இருப்பதாக நினைப்பவர்களுக்கு மட்டும். தயக்கம் உள்ளவர் குடும்பத்தோடு முதலில் திறந்த கூட்டத்துக்குப் போகலாம். ஆனால், மனைவி முன்னால் சொல்ல முடியாததைச் சொல்ல மூடிய கூட்டம்தான் சரி.

தெரிந்தவர் இருந்தால்? அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்த இயக்கத்தின் அடித்தளம். சின்ன ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்பதால், தொடக்கத்தில் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போவதிலும் தவறில்லை.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஒவ்வொரு ஏஏ குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்வது. மேலிருந்து கட்டளையிடும் தலைமை கிடையாது. அதனால்தான் ஒரே ஊரில் இரண்டு கூட்டங்கள் இரண்டு விதமாக இருக்கின்றன. ஒன்றில் படிகளை வரி வரியாகப் படிப்பார்கள். இன்னொன்றில் மனம்விட்டுப் பேசுவதே முக்கியம். ஒன்றில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம், இன்னொன்றில் இளைஞர்கள். ஒரு கூட்டத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யாதீர்கள். வெவ்வேறு இடங்களில் ஐந்தாறு கூட்டங்களுக்காவது போய் உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது நேரம். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. அந்தப் பத்து மணி நேரத்தில் உங்கள் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும் நேரம் எது என்று உங்களுக்குத் தெரியும். வேலை முடியும் மாலையா, சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடா, ஞாயிறு மதியமா? அந்த நேரத்தில் நடக்கும் கூட்டம்தான் உங்களுக்கான கூட்டம். அது நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்விடக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். தூரமாக இருக்கும் நல்ல கூட்டத்துக்கு, மழை பெய்தால் போக மாட்டோம்.

அடுத்தது மொழி. பெருநகரங்களில் ஆங்கிலக் கூட்டங்களும் நடக்கின்றன. அலுவலக ஆங்கிலம் நன்றாக வரும் என்பதற்காக அங்கே போக வேண்டியதில்லை. மகளின் காது குத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் குடித்ததை எந்த மொழியில் சொன்னால் குரல் உடையுமோ, அந்த மொழிக் கூட்டத்துக்குப் போங்கள்.

மூன்றாவது, யார் யார் இருக்கிறார்கள் என்பது. பத்து, இருபது ஆண்டுகள் குடிக்காமல் இருப்பவர்களும், நேற்று வந்தவர்களும் ஒரே அறையில் இருக்க வேண்டும். மூத்தவர்களைப் பார்த்தால், முடியும் என்ற நம்பிக்கை வரும். புதியவரின் நடுங்கும் கையைப் பார்த்தால், நாம் எங்கிருந்து வந்தோம் என்பது மறக்காது. கொத்தனாரும் வங்கி மேலாளரும் அருகருகே உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் மதித்துக் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். சாதியும் அந்தஸ்தும் நாற்காலி வரிசையிலேயே தெரிகிற இடத்தில் யாரும் உண்மை பேச முடியாது.

நான்காவது, என்ன பேசுகிறார்கள். ‘அந்தக் காலத்துல எவ்வளவு குடிச்சேன் தெரியுமா’ என்று ஒன்றரை மணி நேரமும் ஓடினால் அங்கே கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. கல்யாண வீட்டில் நண்பர்கள் கட்டாயப்படுத்தியபோது என்ன சொன்னேன், சம்பள நாளில் பணத்தை யாரிடம் கொடுத்தேன், கோபம் வந்த இரவில் யாருக்கு போன் செய்தேன் என்று, இந்த வாரத்தை எப்படிக் கடந்தோம் என்பதைப் பேசுகிறார்களா? அதுதான் உயிர்ப்புள்ள கூட்டம்.

ஐந்தாவது, கூட்டம் முடிந்த பிறகு நடப்பது. புதிதாக வந்தவரைத் தேடி வந்து பேசுகிறார்களா, போன் நம்பர் கொடுக்கிறார்களா, அடுத்த வாரம் வராவிட்டால் விசாரிக்கிறார்களா? இதில் தேறாத கூட்டம், மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும் புதியவருக்கு ஏற்றதில்லை.

சில இடங்களில் எச்சரிக்கையும் தேவை. கட்டணம் கேட்பவர்கள், ஏதாவது விற்க வருபவர்கள், கட்சிக்கோ மதத்துக்கோ ஆள் சேர்ப்பவர்கள் இருந்தால் விலகிவிடுங்கள். ‘மாத்திரையை நிறுத்து, கூட்டம் மட்டும் போதும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உறுப்பினர்கள் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பதே ஏஏவின் நிலைப்பாடு. மனச்சோர்வுக்கும் குடிவேட்கையைக் குறைப்பதற்கும் மருத்துவர் கொடுத்த மருந்துகள் கூட்டத்துக்கு எதிரி இல்லை.

மனதுக்குப் பிடித்த கூட்டம் அமைந்ததும் அதை உங்கள் சொந்தக் குழுவாக ஆக்கிக்கொள்ளுங்கள். நாற்காலி போடுவது, டீ வாங்கி வருவது என்று ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். எதிர்பார்க்கும் ஆள்கள் இருந்தால் போகாமல் இருக்க மனம் வராது. குறைந்தது ஓராண்டாவது குடிக்காமல் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக இருக்கக் கேளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பாதுகாப்பான வழக்கம். ஸ்பான்சர் கடன் கொடுப்பவரோ குருவோ இல்லை. குடிக்கத் தோன்றும் நேரத்தில் போனை எடுப்பவர், பன்னிரண்டு படிகளையும் கூடவே நடத்திக் கூட்டிச் செல்பவர்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள்

பல கூட்டங்கள் தேவாலய வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கின்றன. குறைந்த வாடகைக்கு இடம் கிடைப்பதுதான் காரணம். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. ஆனால், படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. கூட்டம் பிரார்த்தனையோடு முடிகிறது. பகுத்தறிவு வழியில் வளர்ந்த பலருக்கு இது உறுத்தும். ‘நாம் புரிந்துகொண்ட விதத்திலான கடவுள்’ என்று படியே இடம் விட்டிருப்பதால், அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்ட நாத்திகர்கள் இருக்கிறார்கள்.

அதுவும் ஒத்துவராவிட்டால் வேறு வழிகளும் உண்டு. 1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்மார்ட் ரெகவரி’, கடவுளைக் குறிப்பிடாமல், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளைக் குழுவாகச் செய்கிறது. அதன் கூட்டங்களில் இணையவழியிலும் கலந்துகொள்ளலாம். மருத்துவமனைகள் தம் பழைய நோயாளிகளுக்காக நடத்தும் குழுக்களும் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும், ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் இணையவழிக் கூட்டம் பெரிய வரம். முடிந்தபோதெல்லாம் நேரிலும் போங்கள். திரையில் கேமராவை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்வது எளிது.

பெண்களும் குடும்பமும்

குடிநோயுள்ள பெண்களுக்கு நம் ஊரில் இரட்டைத் தண்டனை. நோயும் அவர்களுடையது, அதைவிடப் பெரிய அவமானமும் அவர்களுடையது. ஆண்கள் நிறைந்த அறையில் தனியாக உட்கார்ந்து பேசச் சொல்வது நியாயமில்லை. பெண்களுக்கான கூட்டம் பெருநகரங்களிலோ இணையவழியிலோ உண்டா என்று முதலில் விசாரியுங்கள். உதவி செய்வதாகச் சொல்லி நெருங்கும் ஆண் உறுப்பினரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பாதுகாப்பாக உணராத இடத்தில் ஒரு நிமிடம்கூட இருக்க வேண்டியதில்லை.

குடிப்பவரின் மனைவிக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தனி அமைப்பு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951-ல் உருவாக்கிய ‘அல்-அனான்’ அது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ‘அலட்டீன்’. வீட்டில் பாட்டிலைத் தேடி ஒளித்து வைப்பது, அலுவலகத்துக்கு போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, கடன்காரனுக்கு நகையை விற்றுக் கொடுப்பது என எல்லாச் சுமையையும் சுமந்தவர்களுக்கு, ‘இந்தக் குடிக்கு நீ காரணமில்லை, இதை நீ கட்டுப்படுத்தவும் முடியாது’ என்று சொல்லும் இடம் தேவை. கணவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் மனைவி அங்கே போகலாம். அவர் திருந்துவதற்காக இவர் காத்திருக்க வேண்டாம்.

கூட அழைத்துப் போங்கள்

1981-ல் அமெரிக்காவில் இருபது நோயாளிகளை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பத்துப் பேரிடம் ஏஏ கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் சொல்லிப் போகச் சொன்னார்கள். ஒருவர்கூடப் போகவில்லை. மற்ற பத்துப் பேருக்கு, ஆலோசகர் அவர்கள் முன்னாலேயே ஓர் ஏஏ உறுப்பினருக்கு போன் போட்டுக் கொடுத்தார். அந்த உறுப்பினர் கூட்டத்துக்குத் துணையாக வருவதாகச் சொன்னார். பத்துப் பேருமே போனார்கள்.

மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். சீட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல், நோயாளி எதிரில் இருக்கும்போதே உள்ளூர்க் குழுவைச் சேர்ந்த ஒருவரை அழைத்துப் பேசவையுங்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே ஒரு கூட்டத்துக்காவது அனுப்பிவையுங்கள். அண்ணன், தம்பி, மச்சான், நண்பர் என்று யாராக இருந்தாலும், முதல் நாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நில்லுங்கள்.

உங்கள் ஊரில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐயும், மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம்.

நடுவில் குடித்துவிட்டீர்களா? அதற்காகக் கூட்டத்தை விடாதீர்கள். திரும்பி வந்தவரை வெளியே போகச் சொல்லும் குழு ஏஏ இல்லை. மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினால் போதும். ஒரு கூட்டம் பிடிக்கவில்லையா? அடுத்ததற்குப் போங்கள். அதுவும் பிடிக்கவில்லையா? அதற்கடுத்ததற்குப் போங்கள். யாரிடமும் சொல்லாத ஒன்றை எந்த அறையில் முதன்முறையாகச் சொல்ல முடிகிறதோ, வராத நாளில் எந்த அறையிலிருந்து போன் வருகிறதோ, அதுதான் உங்களுக்கான கூட்டம். அது கிடைக்கும்வரை தேடுவதை நிறுத்தாதீர்கள்.